மலை வெடித்தபோது நாங்கள் சொன்ன பொய்

எங்கள் பக்கத்தில், வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீட்டில் சாவு என்றால் சாவு என்று சொல்ல மாட்டோம். "சீரியஸ், கிளம்பி வா" என்போம். கேட்கிறவனுக்குப் பாதி புரிந்துவிடும். மிச்சப் பாதியைப் பிடித்துக்கொண்டு அவன் விமானம் ஏறி, அழாமல் பாஸ்போர்ட்டை நீட்டி, எப்படியோ வந்து சேர்வான். தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போது சாமியானாவைப் பார்த்துத்தான் முழுசாகத் தெரிந்துகொள்வான். எர்ணாவூரில் எங்கள் தெருவுக்கு துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இப்படி எத்தனையோ பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்றால், ஒரு பொய் சொல்லி ஒரு சாவை நடத்தக் கூடாதா என்பது எங்கள் நியாயம். அந்தப் பொய்க்கு ஆயுள் ஒரு நாள்தான். எவ்வளவு தூரமாக இருந்தாலும் ஒரு நாளில் விமானம் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அது நிற்கிறது. நைனா செத்துப்போன வாரம் வரைக்கும் நான் இதை யோசித்ததே இல்லை.

நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், குழாய்ப் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தார். நானும் அம்மாவும் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அழுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துச் சொன்னார்.

"உங்க அண்ணன்கிட்ட சாவுன்னு சொல்லிடாத. சீரியஸ்னு மட்டும் சொல்லு. புள்ள ஒண்டியா வரணும்."

அண்ணன் பாய்லர் ஃபிட்டர். எண்ணூர்ப் பக்கத்து மின் நிலையங்களில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து வேலை பழகியவன். ஐந்து வருடமாக இந்தோனேசியாவில் ஒரு தீவில் அதே வேலை. அவனோடு அறையில் தங்கியிருந்தவரும் நம்ம ஆள்தான், திருவொற்றியூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நைனா அவனுக்குப் போன் போடுவார். என்ன பேசினாலும் கடைசியில் "எப்ப வரே?" என்று கேட்பார். "வரேன் நைனா" என்பான். இரண்டு வருடமாக அவன் ஊருக்கு வரவில்லை.

நான் மாடிக்குப் போய்ப் போன் செய்தேன். "அண்ணா, நைனாவுக்கு சீரியஸ். கிளம்பி வா."

"எவ்ளோ சீரியஸ் பாப்பா?" எனக்கு நாற்பத்தொரு வயது. அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

"ஐசியூல கீறாரு. நீ வந்துடு."

"இன்னைக்கே வரேன்."

அன்று மாலை கிளம்பும் விமானத்தில் அவனுக்கு இடம் கிடைத்தது. புதன் மதியத்துக்குள் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுவான். மாதா கோயிலில் சாமியாரிடம் பேசி, புதன் மாலை நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவு செய்தோம். ஃப்ரீசர் பெட்டி வந்தது. வெள்ளை வேட்டி, ஜெபமாலை எல்லாம் வைத்து நைனாவை அதற்குள் படுக்க வைத்தோம். ஒரு சாவு வீட்டில் என்னென்ன நடக்க வேண்டுமோ அதெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

மூன்று மணி இருக்கும். அண்ணன் கூப்பிட்டான். "பாப்பா, இங்க மலை வெடிச்சிடுச்சு."

"இன்னா மலை?"

"எரிமலை. பக்கத்துத் தீவுல. சாம்பல் இந்தப் பக்கம் வந்துகினு கீது. ஏர்போர்ட்ட மூடிட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மழை, புயல், வேலைநிறுத்தம் என்று எதைச் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்கும். எரிமலை என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமாகப் பார்த்தது. எங்கள் வீட்டுச் சாவுக்கு நடுவில் அது எப்படி வந்து நுழையும்? கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை, அதாவது நைனாவின் தங்கை, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "மலை வெடிச்சிச்சாமா? இஸ்கூலுக்கு மட்டம் போட வயித்து வலின்னு சொல்வானே, அந்த மாதிரியா?"

துக்க வீட்டில் டிவி போடக் கூடாது. அதனால் நானும் அத்தையும் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். உண்மைதான். மலை உச்சியிலிருந்து கறுப்பாக ஒன்று மேலே போய்க்கொண்டே இருந்தது. அடிவாரத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கூரையெல்லாம் சாம்பல். அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ பாவம், நம்மள விட அவங்க கஷ்டம் பெருசு" என்றார். அவர் சொன்ன பிறகுதான் அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது. அதுவரை அந்த மலை என் அண்ணனை மறிப்பதற்காகவே வெடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் எங்களுக்குப் புதிதில்லை. அனல் மின் நிலையப் பக்கமிருந்து காற்று அடித்தால் மாடியில் காயும் துணியை இரண்டாம் முறை அலசி எடுக்கிற ஊர் எங்களுடையது. அதனால் எனக்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. சாம்பலுக்குப் பயந்து விமானத்தை நிறுத்துவார்களா? சாயங்காலம் அண்ணன் மறுபடியும் பேசியபோது அதையே கேட்டேன்.

"இது நம்ம ஊரு சாம்பல் இல்ல பாப்பா. கண்ணாடியப் பொடிச்ச மாதிரி கீது. என்ஜின் சூட்டுல உருகி, உள்ள போயி ஒட்டிக்குமாம். பாய்லர்ல சாம்பல் உருகி ட்யூப்புல கட்டி புடிக்கும், நான் செதுக்கி எடுப்பேன்ல? அதே கதைதான். ஆனா வானத்துல எவன் ஏறிச் செதுக்குவான்?"

அதைச் சொல்லிவிட்டு அவன் நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதுவதற்கு முன்னால், நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். ராயபுரம் பக்கம், துறைமுகத்துச் சரக்கை விடுவித்துத் தரும் ஒரு ஏஜெண்ட் அலுவலகத்தில் இருக்கிறேன். தினமும் கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் போய் வருகிறேன். வேலையில் பாதி, காத்திருப்பவர்களைச் சமாதானப்படுத்துவது. "நாளைக்கு வந்துடும் சார்", "கப்பல் வெளியில நிக்குது, உள்ள விட்டதும் முதல் பெட்டி உங்களோடதுதான்." பதினாறு வருடமாக இதைச் சொல்கிறேன். பெரும்பாலும் நாளைக்கு வந்தும்விடும். அதனால் நாளைக்கு என்ற வார்த்தை என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

"கொஞ்சம் பரவால்லன்னு டாக்டரு சொன்னாரு" என்றேன்.

அம்மா சொல்லச் சொன்னது சீரியஸ் என்ற ஒரு வார்த்தைதான். இது நானாகச் சேர்த்தது. அவன் ஒரு பெரிய மூச்சு விட்டது போனில் கேட்டது. எனக்கு ஆறுதலாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

"பாப்பா, இங்கேருந்து கொஞ்ச பேரு பஸ்ல கிளம்பறாங்க. கடல் வரைக்கும் போயி, படகு மாறி, மறுபடி பஸ்ஸு. அந்தாண்ட பெரிய தீவுல ஒரு ஏர்போர்ட்டு தொறந்து கீதாம். விடிய விடியப் போகணும். ரூம்ல கீறவரும் கிளம்பறாரு. நானும் போயிடவா? இல்ல, இங்கேயே நாளைக்குத் தொறந்துடுவாங்கன்னும் சொல்றாங்க."

சாம்பல் கொட்டும் சாலையில் ஒரு பஸ் போவதை நினைத்தேன். நடுக்கடலில் படகு. டிவியில் பார்த்த அந்தக் கறுப்பு. ஒரே நாளில் வீட்டில் இரண்டு பேரை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. "வேணாண்ணா. அதுல போயி மாட்டிக்காத. நாளைக்குத் தொறந்துடும். நைனா நல்லாத்தான் கீறாரு, நீ பதறாம வா" என்றேன்.

"சரி" என்றான்.

புதன்கிழமை விமான நிலையம் திறக்கவில்லை. நாங்கள் அடக்கத்தை வியாழனுக்குத் தள்ளினோம். அதோடு ஒரு புது வேலை வந்தது. அண்ணனுக்குத் தெரியாமல் சாவை நடத்த வேண்டும். கண்ணீர் அஞ்சலி பேனர் ஏற்கெனவே தெருமுனையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய தோஸ்துகள் எல்லாரும் இதே ஊர். ஒருவன் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தால் போதும். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய்க் கெஞ்சினேன். அங்கே இருந்த பெரியவர், "நீ போம்மா. எவனாவது ஸ்டேட்டஸு வெச்சான், போனப் புடுங்கிக் கடல்ல கடாசிடறேன்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அந்த இரண்டு நாள் எங்கள் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. ஒருத்தர்கூட ஒரு படமும் போடவில்லை. அவன் கூப்பிடும்போதெல்லாம் யாராவது, "அண்ணன்காரன் போனு" என்று சொல்வார்கள். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மந்திரத்தில் நிறுத்துவார்கள். ஒப்பாரி நிற்கும். நான் மாடிக்கு ஓடுவேன். அந்த ஜனங்கள் மேல் அப்போது எனக்கு அவ்வளவு பாசம் பொங்கியது.

மதியம் அண்ணன், "போனை நைனா காதுல வையேன். ரெண்டு வார்த்த பேசறேன்" என்றான்.

"ஐசியூல போன வுட மாட்றாங்கண்ணா."

"முழிச்சாரா?"

"ம். காலைல கண்ணத் தொறந்து பாத்தாரு. கஞ்சிகூடக் குடுத்தாங்க."

இதைச் சொல்லும்போது நான் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே கண்ணாடிக்குள் இருந்தவருக்கு மேலே நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று அம்மா சின்ன வயதில் மிரட்டுவார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அலுவலகத்திலிருந்தும் போன் வந்தது. துக்கம் விசாரித்துவிட்டு, கூட வேலை செய்கிறவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கிழக்கிலிருந்து விமானத்தில் வர வேண்டிய ஒரு மருத்துவக் கருவியின் பாகம் எங்கேயோ நின்றுவிட்டதாம். மருத்துவமனைக்காரர்கள் விடாமல் கூப்பிடுகிறார்களாம். என்ன சொல்வது? "நாளைக்கு வந்துடும்னு சொல்லுங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகு போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மலை. அதன் பெயர்கூட என் வாயில் நுழையவில்லை. அது இருமியதில் எங்கள் தெருவில் ஒரு அடக்கம் நின்றுவிட்டது. முகம் தெரியாத ஒரு நோயாளிக்கு ஒரு கருவி நின்றுவிட்டது. இன்னும் எங்கெங்கே என்னென்ன நின்றதோ?

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான் கூடியது. அடிவாரத்தில் இருப்பவர்களின் துன்பம் முதல் துன்பம், அதில் சந்தேகமில்லை. ஆனால் உலகத்தில் மிச்சமுள்ள நாமும் தெரியாமலே அந்த அடிவாரத்தில்தான் குடியிருக்கிறோம். எங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் பாதி, அந்தத் தீவுகளுக்கு இடையில் உள்ள இடுக்கான கடல்வழியாக வருகின்றன. நாங்கள் பேசும் போன்கூடக் கடலுக்கு அடியில் கிடக்கும் கேபிளில்தான் ஓடுகிறது. கடலுக்குள் ஒரு மலை வெடித்து, ஒரு தீவு நாட்டின் கேபிள் அறுந்து, வெளியூரில் இருந்த பிள்ளைகள் பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்திருக்கிறார்கள். மிகப் பெரிதாக ஒன்று வெடித்தால் தூசி வெயிலை மறைத்து, மழையைக் கெடுத்து, ஆயிரம் மைல் தள்ளி இருப்பவனின் நெல்லை அழிக்குமாம். இதெல்லாம் நடந்திருக்கிறது, மறுபடியும் நடக்கும் என்கிறார்கள். நாம் மட்டும் சாமான், சாப்பாடு, சாவு எல்லாவற்றையும் "நாளைக்கு வந்துடும்" என்ற ஒரு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருமுறை ஏதோ தொழிற்சாலை வாயு காற்றில் கலந்து, கண்ணெரிந்து மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியிருக்கிறோம். அதிகாரிகளிடம் விசாரித்தால், "பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது" என்றார்கள். கட்டுக்குள் இருந்தால் நாங்கள் ஏன் ஓடுகிறோம் என்று அன்றைக்கு நடுத்தெருவில் நின்று கத்தியவள் நான். உள்ளதைச் சொன்னால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நாங்களே முடிவு செய்துகொள்வோமே என்று கேட்டவளும் நான்தான்.

வியாழன் காலையிலும் அங்கே திறக்கவில்லை. ஃப்ரீசர் பெட்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எம்மா, இன்னைக்கோட முடிச்சுடுங்க. இதுக்கு மேல வேணாம்" என்றார். அம்மா கேட்டுக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். மாலை நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் ஒரு பெரிய பை, கையில் ஆப்பிள் பழங்கள் வாங்கிய ஒரு பை. கலைந்த தலையோடு ஒருவர் இறங்கினார். சாமியானாவைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், பேனரில் இருந்த படத்தைப் பார்த்தார். அண்ணனோடு அறையில் இருக்கும் திருவொற்றியூர்க்காரர். ஏர்போர்ட்டிலிருந்து நேராக வருகிறார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு நைனாவைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

"இன்னா தங்கச்சி இது? எப்போ?"

"செவ்வாக்கெழம காலைல" என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். அதன் மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் நறநறவென்று ஏதோ ஒட்டியிருந்தது.

"செவ்வாக்கெழம காலையிலயா? நாங்க பஸ்ஸு ஏறினதே செவ்வாக்கெழம சாயங்காலந்தானே" என்றார். பிறகு, என்னைக் குற்றம் சொல்லும் எண்ணமே இல்லாமல், மெதுவாகச் சொன்னார். "அவனுக்கும் சேத்துதான் சீட்டு புடிச்சேன். பையெல்லாம் கட்டிட்டான். உன்கூட போன்ல பேசிட்டு வந்து, 'பாப்பா வேணான்னு சொல்லுது, நைனாவுக்குப் பரவால்லையாம், நான் இங்கேயே கீறேன்'னு பையை எறக்கி வெச்சிட்டான்."

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் சொல்லச் சொன்னேன்" என்று எனக்காகப் பேச வந்தார். அம்மா சொல்லச் சொன்னது சீரியஸ் என்பது மட்டும்தான். அந்த வார்த்தையோடு நான் நின்றிருந்தால் அவன் பஸ் ஏறியிருப்பான். இந்த ஆட்டோவில் இரண்டு பேர் வந்து இறங்கியிருப்பார்கள். நைனா முகத்தை அவன் தொட்டிருப்பான். சாம்பல் ஒரு பாதையைத்தான் அடைத்தது. திறந்திருந்த இன்னொரு பாதையை நான் அடைத்தேன்.

அங்கேயே நின்று போன் போட்டேன். மாடிக்குப் போகவில்லை. ஜெபத்தை யாரும் நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவன் எடுத்ததும் அந்தச் சத்தம்தான் அவனுக்கு முதலில் கேட்டிருக்கும்.

"அண்ணா, நைனா போயிட்டாரு."

"எப்ப?" என்றான்.

"செவ்வாக்கெழம காலைல. உனக்கு முதல்ல போன் பண்ணேன்ல, அதுக்கு முன்னாடியே."

"கஞ்சி குடிச்சாருன்ன."

"ஆமாண்ணா."

"கண்ணத் தொறந்தாருன்ன."

நான் அழுதேன். அவன் அழவில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டான். நாலு மணி என்றேன். வீடியோ போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபத்தை முடித்ததும், மூடுவதற்கு முன் கடைசியாக முகம் பார்க்க சவப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். நான் அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். சின்னத் திரையில் அவன் முகம் வந்தது. மூன்று நாள் தாடி. பின்னால் ஜன்னல், அதற்கு வெளியே வானம் சாம்பல் நிறமாக இருந்தது. நான் போனைத் திருப்பி நைனா பக்கம் காட்டப் போனேன்.

"பாப்பா, இரு. ரூம்காரரு அங்க கீறாரா?"

"கீறாரு."

"போன அவராண்ட குடு."

"நானே காட்டறேண்ணா."

"வேணாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "நீ காட்டுனா எனக்கு நம்பிக்க வராது. அவரு காட்டட்டும்."

போனைக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். கூட்டம் அவருக்கு வழி விட்டது. நான் பின்னாலேயே நின்றுவிட்டேன்.